ஆறும் புண்ணும் ஆற்றும் மருந்தும்

மனிதனுடைய தோல் ஒரே படலம் போலக் காணப்படினும் உண்மையில் இரண்டு அடுக்குகளால் ஆனது. மேலே உள்ளது மேல்தோல். அதனைத் தாங்கி நிற்பது அடித்தோல். சட்டையின் மேல்துணியையும் உள்துணியையும் தையற்காரர் நூலிட்டு இணைப்பதைப் போல, மிக நுண்ணிய இழைகள் இவ்விரு அடுக்குகளையும் பிணைத்து வைத்திருக்கின்றன. வெறுங்காலுடன் நடக்கும்போதும், கயிறு இழுக்கும்போதும், தலையில் சுமை ஏற்றும்போதும் தோல் வழுக்கி நகராமல் இருப்பதற்கு இப்பிணைப்பே காரணம். இந்த இழைகள் பழுதுற்றோ, அறவே இல்லாமலோ பிறக்கும் குழந்தைகள் சிலர் உண்டு. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியப் பதிவேட்டின் கணக்குப்படி 10 லட்சம் பிறப்புகளுக்கு ஏறக்குறைய 20 குழந்தைகள் இந்நோயின் ஏதேனும் ஒரு வகையுடன் பிறக்கின்றன.

இக்குழந்தைகளுக்குத் தூக்குவோரின் கைவிரல் அழுத்தமே போதும், தோல் கொப்புளித்துவிடும். சட்டையின் தையல் விளிம்பு உராய்ந்த இடத்திலும் புண் தோன்றும். ஜெர்மானிய மருத்துவரான ஹைன்ரிஹ் கெப்னர் 1886இல் இந்நோய்க்கு 'எபிடெர்மோலைசிஸ் புல்லோசா' என்று பெயரிட்டார். மேல்தோல் தளர்ந்து கொப்புளித்தல் என்பது அதன் பொருள். பெயர் ஒன்றாயினும் நோய் ஒன்றன்று. 1962இல் ராஜர் பியர்சன் என்ற அமெரிக்க மருத்துவர் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் துணைகொண்டு நோயுற்ற தோலை ஆராய்ந்தார். சிலரிடம் மேல்தோலின் அடிவரிசைச் செல்களே பிளந்திருந்தன. வேறு சிலரிடம் இரண்டு அடுக்குகளும் சந்திக்கும் எல்லையில் பிளவு ஏற்பட்டிருந்தது. இன்னும் சிலரிடம் அவ்வெல்லைக்குக் கீழே, அடித்தோலின் மேற்பரப்பில் தோல் கழன்றிருந்தது. நோயை வகைப்படுத்துவதற்கு இந்த மூன்று மட்டங்களே இன்றும் அடிப்படையாக உள்ளன.

மேலே பிளக்கும் வகை பெரும்பாலும் வடுவின்றி ஆறிவிடும். எல்லையில் பிளக்கும் வகையின் கடுமையான வடிவம் பல குழந்தைகளை முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே மாய்த்துவிடுகிறது. கீழே பிளக்கும் வகைக்கு ஏழாம் எண் கொலாஜன் என்னும் புரோட்டீனின் குறைபாடு காரணம். இப்புரோட்டீனே ஒன்றுசேர்ந்து, மேல்தோலை அடித்தோலோடு இறுக்கும் நங்கூர இழைகளாக அமைகிறது. இதற்குரிய ஜீனில் உள்ள பிழைகள் 1993இல் கண்டறியப்பட்டன. மேலே பிளக்கும் வகைக்குக் காரணமான கெரட்டின் ஜீன்களின் பிழைகள் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே வெளிப்பட்டிருந்தன. ஏழாம் எண் கொலாஜன் அறவே இல்லாத குழந்தையின் நிலை மிகவும் இரங்கத்தக்கது. புண்கள் வடுக்களாக இறுகும், விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கை உறையிட்டது போலாகும், உணவுக்குழாய் சுருங்கி விழுங்குவதே துன்பமாகும், இரத்தசோகை நீங்காது. ஆண்டுக்கணக்கில் ஆறியும் உடைந்தும் வரும் புண்களிலிருந்து பிற்காலத்தில் தோல் புற்றுநோய் உண்டாகிறது. மேற்கூறிய பதிவேட்டின்படி, கடுமையான வடிவம் கொண்டவர்களில் 55 வயதுக்குள் புற்றுநோய்க்கு ஆளாகும் வாய்ப்பு நூற்றுக்கு 90 ஆகும்.

இத்தகைய நோய்க்கு யார் எந்த மருந்தைக் கொணர்ந்தாலும் பெற்றோர் அதனை நாடுவது இயல்பே. ஆயின் அம்மருந்து உண்மையில் பயன் தருகிறதா என்று கண்டறிவது எளிதன்று.

புண் செய்யும் ஏமாற்று

காரணம், இப்புண்கள் தாமாகவே ஆறுகின்றன என்பதுதான். சில புண்கள் இரண்டு வாரத்தில் மூடிக்கொள்ளும். சில மாதக்கணக்கில் திறந்தே கிடக்கும். மூடிய புண் ஒரு சிறு உராய்வில் மீண்டும் திறக்கும். வெப்பம் மிகுந்த மாதங்களில் சில வகைகளில் கொப்புளங்கள் பெருகும். குளிர் மாதங்களில் குறையும். இது போதாதென்று இன்னொன்றும் உண்டு. குழந்தையை மருத்துவரிடம் கொண்டுவருவது எப்போது? புண்கள் மிகவும் மோசமாகியிருக்கும் சமயத்தில். மிக மோசமான நிலைக்குப் பின் வருவது, மருந்து கொடுத்தாலும் கொடாவிடினும், பெரும்பாலும் சற்றே மேலான நிலையாகத்தான் இருக்கும். அன்று தரப்பட்ட மருந்துக்கே அந்தப் புகழ் போய்ச் சேருகிறது. தவிரவும், புதுமருந்து பெறும் குழந்தைக்குத் தூய கட்டும், அடிக்கடி கவனிப்பும், நல்ல உணவும் கூடவே கிடைக்கின்றன. இவற்றால் ஆறியது எவ்வளவு, மருந்தால் ஆறியது எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு பெனிட்டாயின் என்னும் மருந்தின் வரலாறு. வலிப்பு நோய்க்கு நெடுங்காலமாக வழங்கப்பட்டு வரும் மருந்து இது. கொப்புள நோயின் கீழ்மட்ட வகையில், கொலாஜனைச் சிதைக்கும் கொலாஜனேஸ் என்ற என்சைம் மிகுதியாகச் சுரக்கிறது என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் கண்டனர். பெனிட்டாயின் அவ்வென்சைமை அடக்கும் என்று சோதனைக்கூடத்தில் தெரிந்தது. எனவே நோயாளிகள் சிலருக்கு அதனைக் கொடுத்துப் பார்த்தனர், கொப்புளங்கள் குறைந்தன. 1980இல் புகழ்பெற்ற மருத்துவ இதழொன்றில் அந்த அறிக்கை வெளியாயிற்று. விளக்கம் பொருத்தமாக இருந்தது, நோயாளிகளும் தேறினர். வேறு என்ன வேண்டும் என்று தோன்றுவது இயல்பே. பிற மருத்துவர்களும் அம்மருந்தைக் கையாளலாயினர். அதன் பக்க விளைவுகளில் ஒன்று ஈறு தடித்தல். வாயினுள்ளும் கொப்புளம் காணும் இக்குழந்தைகளுக்கு அது சிறு துன்பமன்று.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1992இல், பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய சோதனையின் முடிவு வெளிவந்தது. அதில் 36 நோயாளிகள் பங்கு கொண்டனர். ஒவ்வொருவரும் ஒரு காலப் பகுதியில் பெனிட்டாயினும், மற்றொரு காலப் பகுதியில் மருந்தற்ற போலி மாத்திரையும் உட்கொண்டனர். எப்போது எது தரப்படுகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது. கொப்புளங்களை எண்ணிய மருத்துவருக்கும் தெரியாது. எண்ணி முடித்து மறைவை நீக்கிப் பார்த்தபோது, மருந்து உண்ட காலத்திற்கும் போலி மாத்திரை உண்ட காலத்திற்கும் கொள்ளத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. முதல் அறிக்கையில் எவரும் பொய் கூறவில்லை. கொப்புளங்கள் குறைந்தது மெய். அவை மருந்தினால் குறைந்தன என்பதே மெய்யன்று.

அண்மைக் காலத்திலும் இதுபோன்றதொன்று நிகழ்ந்தது. அலன்டாயின் என்ற பொருள் சேர்ந்த களிம்பு ஒன்று ஆரம்பச் சோதனைகளில் நம்பிக்கை ஊட்டியது. 160 பேருக்கு மேற்பட்டோர் பங்கேற்ற பெரிய சோதனையின் முடிவு 2017இல் வந்தது. மருந்து சேர்ந்த களிம்பு தடவியவர்களிடம் சுமார் பாதிப் புண்கள் மூன்று மாதங்களில் ஆறியிருந்தன. மருந்து சேராத வெறுங்களிம்பு தடவியவர்களிடமும் சுமார் பாதிப் புண்கள் ஆறியிருந்தன. ஒப்பிட்டுப் பார்க்கும் பிரிவு ஒன்று இல்லாதிருந்தால், பாதிப் புண்களை ஆற்றும் அருமருந்து என்று அக்களிம்பு உலகெங்கும் விலையாகியிருக்கும்.

ஒப்பீட்டைத் தாண்டி நின்ற மருந்துகள்

இவ்வாறு பல மருந்துகள் விழுந்த களத்தில் ஒன்று நிலைத்தது என்றால் அதற்கு மதிப்புண்டு. இமயத்தின் பூர்ஜ மரத்திற்கு இனமான பிர்ச்சு மரங்களின் பட்டையிலிருந்து எடுத்த சத்தை எண்ணெயில் கூட்டிய களிம்பு அத்தகையது. 223 நோயாளிகளிடம் அது சோதிக்கப்பட்டது. 45 நாட்களுக்குள் குறித்த புண் முழுவதும் மூடியவர்கள், மருந்துக் களிம்பு பெற்ற பிரிவில் நூற்றுக்கு 41 பேர். வெறுங்களிம்பு பெற்ற பிரிவில் நூற்றுக்கு 29 பேர். பயன் உண்டு, ஆனால் அளவானது. ஐரோப்பாவில் 2022இலும் அமெரிக்காவில் 2023இலும் இதற்கு அனுமதி கிடைத்தது. இங்கு கவனிக்க வேண்டிய எண் 41 அன்று; 29 ஆகும். மருந்தே இல்லாமல், தூய களிம்பினாலும் கட்டினாலும் மட்டும், நூற்றுக்கு 29 பேரின் புண் ஆறியிருக்கிறது.

புண்ணை ஆற்றுவதோடு நில்லாமல், குறைபட்ட இழையையே தோலுக்குத் திரும்ப அளிக்க இயலுமா என்பது அடுத்த கேள்வி. ஏழாம் எண் கொலாஜனுக்குரிய ஜீன் மிகப் பெரியது. ஜீன்களைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் வாகனமாக வழக்கமாகப் பயன்படும் சிறிய வைரஸ்களில் அதற்கு இடம் போதாது. ஆகவே உதட்டோரத்தில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸை ஆராய்ச்சியாளர்கள் தேர்ந்தனர். அது பருமனானது, தோல் செல்களுக்குள் நுழைவதில் தேர்ந்தது. பெருகும் ஆற்றலை அதனிடமிருந்து நீக்கி, அவ்விடத்தில் கொலாஜன் ஜீனை ஏற்றிக் கூழ்மமாகச் செய்தனர். கொப்புளம் உண்டாக்கும் வைரஸே கொப்புள நோய்க்கு மருந்து சுமக்கும் மாடாக ஆயிற்று! இக்கூழ்மத்தை வாரம் ஒருமுறை திறந்த புண்ணின் மீது துளித்துளியாக இட வேண்டும். ஜீன் செல்லின் குரோமோசோமில் கலப்பதில்லை. ஆதலால் தோல் செல்கள் உதிர்ந்து புதியன தோன்றும்போது பயனும் நீங்கும். மீண்டும் இட வேண்டும்.

இதனைச் சோதித்த முறை நுட்பமானது. நோயாளிகள் 31 பேர் மட்டுமே. அரிய நோயில் நூற்றுக்கணக்கானோரை இரு பிரிவாக்குதல் இயலாது. ஒருவருடைய நோய் மற்றொருவருடைய நோயைப் போன்றதும் அன்று. எனவே ஒவ்வொரு நோயாளியின் உடலிலேயே ஒத்த அளவும் ஒத்த தோற்றமும் உடைய இரண்டு புண்களைத் தேர்ந்து, ஒன்றில் மருந்துக் கூழ்மத்தையும் மற்றதில் மருந்தற்ற கூழ்மத்தையும் இட்டனர். எந்தப் புண்ணில் எது என்பது இருதரப்புக்கும் மறைக்கப்பட்டது. உணவு, இரத்தசோகை, பருவகாலம், பராமரிப்பு ஆகிய எல்லாம் இரண்டு புண்களுக்கும் ஒன்றே. வேறுபடுவது மருந்து மட்டுமே. ஆறு மாத முடிவில், மருந்திட்ட புண்களில் நூற்றுக்கு 67 முற்றிலும் மூடியிருந்தன. மற்றவற்றில் நூற்றுக்கு 22. இம்முடிவு 2022 டிசம்பரில் வெளியாயிற்று. 2023 மே மாதம் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

தோலையே வளர்த்து ஒட்டுதல் மற்றொரு வழி. நோயாளியின் தோலில் சிறு துண்டு எடுத்து, அதன் செல்களில் சரியான ஜீனைப் புகுத்தி, சோதனைக்கூடத்தில் படலமாக வளர்த்து, புண்ணின் மீது பதிய வைக்கின்றனர். இதனை முதலில் செய்துகாட்டியவர்கள் இத்தாலியில் மொதெனா நகரத்து ஆராய்ச்சியாளர்கள். எல்லையில் பிளக்கும் வகை நோய் கொண்ட ஒருவரின் கால்களில் அவர்கள் இட்ட ஒட்டு நிலைத்ததை 2006இல் அறிவித்தனர். அதே குழுவினரின் ஒட்டு 2015இல் ஒரு சிறுவனின் உயிரைக் காத்தது. சிரியாவிலிருந்து ஜெர்மனியில் அடைக்கலம் புகுந்த குடும்பத்தைச் சேர்ந்த அவனுக்கு வயது ஏழு. தொற்றினால் உடல் தோலின் பெரும்பகுதியை இழந்து, போகும் நகரத்து மருத்துவமனையில் மரணத் தறுவாயில் இருந்தான். ஏறக்குறைய நூற்றுக்கு 80 பங்கு மேல்தோல் புதிதாக வளர்த்து ஒட்டப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் அத்தோல் உறுதியாக இருப்பதாக 2021இல் அறிக்கை வந்தது. இங்கு ஒப்பீட்டுப் பிரிவு எதுவும் இல்லை. அக்குழந்தைக்கு வேறு சிகிச்சைகள் அனைத்தும் தோற்றுவிட்டன; பலனோ சந்தேகத்திற்கு இடமின்றிப் பெரிதாக இருந்தது. அவ்வாறான நேர்வுகள் மிகச் சிலவே.

கீழ்மட்ட வகைக்கான ஒட்டுத்தோல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவாயிற்று. சீட்டுக்கட்டின் ஒரு சீட்டளவேயான படலங்கள், நாட்பட்ட பெரிய புண்களில் ஒட்டப்பட்டன. பதினோரு நோயாளிகளில் 43 இணைப் புண்களை ஒப்பிட்டனர். ஆறு மாதத்தில் பாதிக்கு மேல் ஆறியவை ஒட்டிட்ட புண்களில் நூற்றுக்கு 81. வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவற்றில் நூற்றுக்கு 16. 2025 ஏப்ரலில் இதற்கு அங்கு அனுமதி அளிக்கப்பட்டது. ஒட்டிட்டது எந்தப் புண் என்பதை நோயாளியிடமிருந்து மறைக்க இயலாது என்பது இச்சோதனையின் குறை. வேறுபாட்டின் அளவு அக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது.

எலும்பு மஜ்ஜை மாற்றமும் முயலப்பட்டது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஏழு குழந்தைகளை இதற்கென ஏற்று, ஆறு பேருக்குச் செய்தனர். ஒரு குழந்தை மாற்றத்திற்கு முன்னும், மற்றொன்று பின்னும் இறந்தன. எஞ்சியோரிடம் பல அளவுகளில் முன்னேற்றம் காணப்பட்டது என்று 2010இல் அறிவித்தனர். உயிருக்கே இடர் தரும் சிகிச்சையை எந்தக் குழந்தைக்குப் பரிந்துரைப்பது என்பது எளிதில் தீராத கேள்வி.

விலையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மேற்கூறிய ஒட்டுத்தோல் சிகிச்சைக்கு அமெரிக்காவில் குறிக்கப்பட்ட விலை 31 லட்சம் டாலர். இதற்கு நேர்மாறாக, மலிவான ஜென்டாமைசின் என்ற பழைய மருந்து சில நோயாளிகளின் தோலில் கொலாஜன் உற்பத்தியைத் தூண்டியதாக லாஸ் ஏஞ்சலிஸ் ஆராய்ச்சியாளர் 2017இல் தெரிவித்தனர். ஜீனின் வாசகம் நடுவில் முற்றுப்புள்ளி பெற்று நின்றுவிடும் ஒரு வகைப் பிழை உண்டு. அப்புள்ளியைத் தாண்டி வாசிக்கச் செல்லுக்கு இம்மருந்து உதவுகிறது. சோதித்தது ஐந்து நோயாளிகளிடம் மட்டுமே. அப்பிழை இல்லாதவருக்கு இதனால் பயனில்லை. காதையும் சிறுநீரகத்தையும் கெடுக்கவல்ல மருந்தாதலின், செய்தியைக் கேட்டவுடன் கடையில் வாங்கித் தடவுவதோ ஊசி போடுவதோ தகாது.

கிராமத்தில் செய்யக்கூடியவை

மருந்தற்ற பிரிவுகளில் ஆறிய புண்கள் பராமரிப்பின் பயனைக் காட்டுகின்றன. பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்று கிடைக்கக்கூடியது அதுவே. பிறந்த குழந்தையிடம் இந்நோய் இருப்பதாக ஐயம் எழுந்தால், அக்குளில் கைகொடுத்துத் தூக்கலாகாது. மெத்தென்ற துணியில் கிடத்தி, பிட்டத்தின் கீழும் கழுத்தின் கீழும் கை வைத்துத் துணியோடு சேர்த்து எடுக்க வேண்டும். ஒட்டும் பிளாஸ்திரி எதுவும் தோலில் படலாகாது. அதனை உரிக்கும்போது தோலும் உடன் வரும். கொப்புளம் பெருகிப் பரவுமாதலால், தூய்மை செய்த ஊசியால் அதன் தாழ்ந்த பகுதியில் துளையிட்டு நீரை வடித்து, மேற்கூரையை நீக்காமல் அப்படியே விட வேண்டும். புண்ணின் மீது வாசலின் தோய்த்த மெல்லிய துணி அல்லது ஒட்டாத கட்டு. அதன் மேல் சுற்றுத்துணி. விரல்களைத் தனித்தனியே சுற்ற வேண்டும். சட்டையைத் தையல் வெளிப்புறம் வருமாறு திருப்பி அணிவிக்கலாம். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையின் கீழ்ப் பஞ்சு வைக்க வேண்டும். தடுப்பூசியை நிறுத்த வேண்டியதில்லை. தேய்க்காமல் ஒற்றித் துடைத்து ஊசி போட்டால் போதும். சுண்ணாம்பு, சாம்பல், பச்சிலை ஆகியவற்றைப் புண்ணில் அப்புவதைத் தடுக்க வேண்டும்.

இந்நோய் தொற்றாது. அம்மையுமன்று, பெற்றோர் சுட்டதுமன்று. கொடிய வகைகள் பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமும் மறைந்து கிடந்த ஒரே ஜீன் பிழை குழந்தையிடம் சேர்வதால் வருவன. நெருங்கிய உறவில் மணம் செய்வோரிடம் அவ்வாறு சேரும் வாய்ப்பு மிகுதி. அத்தகைய பெற்றோருக்கு ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. தாயைப் பழிக்கும் வழக்கத்திற்கு இதில் இடமே இல்லை; பிழை இருபுறமும் சமமாக வந்ததே. அடுத்த கருவுக்கு முன் மரபியல் ஆலோசனை தரும் மருத்துவமனைக்கு அவர்களை அனுப்புவது சுகாதாரப் பணியாளரின் கடமை.

பள்ளியில் இக்குழந்தைக்குத் தனிப்பலகை தேவையில்லை. உட்காரும் இடத்தில் மடித்த துணி, கடினமான காலணிக்குப் பதில் மென்மையானது, எழுதக் கூடுதல் நேரம், நெரிசல் குறைந்த பின் வகுப்பிலிருந்து வெளியேற அனுமதி ஆகியவை போதும். கட்டு மாற்றக் காலையில் ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆவதுண்டு. தாமதமாக வந்தால் தண்டிக்கலாகாது. மேலே பிளக்கும் இலேசான வகையில் நோய் பாதங்களில் மட்டும் இருக்கலாம். அம்மாணவன் கோடையில் ஓட மறுப்பதைச் சோம்பல் என்று கொள்ளாமல், உள்ளங்காலைப் பார்த்தல் நலம்.

ஏதேனும் மருந்து புண்களை ஆற்றிவிட்டதென்று குடும்பத்தார் கூறும்போது, மறுக்கவும் வேண்டாம். ஊரெல்லாம் பரப்பவும் வேண்டாம். ஒரு புண்ணைத் தேர்ந்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து, ஒரே வெளிச்சத்தில் வாரம் ஒருமுறை படமெடுத்து, நாளும் கட்டின் வகையும் குறித்து வைக்கலாம். அம்மருந்து படாத மற்றொரு புண்ணையும் அவ்வாறே படமெடுத்துக் குறிக்க வேண்டும். நான்கு வாரங்களுக்கு மேலாகியும் மூடாத புண், விளிம்பு தடித்த புண், வழக்கத்திற்கு மாறாக வலிக்கும் புண் ஆகியவற்றை, இளைஞரிடமாயினும், புற்றுநோய் ஐயத்துடன் உடனே மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அப்போது இந்தக் குறிப்பேடு கூடவே செல்ல வேண்டும்.